குடித்தேன் என்று எழுதியதை நீக்கி உதவித்தொகை வழங்கக் கோருதல்

அனுப்புநர்
கண்ணாடி வில்லை துடைக்கும் வேலையிலிருந்து நீக்கப்பட்டவள்,
மாடிப்படிக்குக் கீழ் அறை,
தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் வீடு.

பெறுநர்
மேல்முறையீட்டு அதிகாரி அவர்கள்,
வேலையிழந்தோர் உதவித்தொகை அலுவலகம்.

பொருள்: வேலை நேரத்தில் குடித்திருந்ததாகச் சந்தேகப்பட்டு நீக்கப்பட்ட எனக்கு உதவித்தொகை மறுத்ததை மறுபடி விசாரிக்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் அதிகம் படித்தவள் இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு விஷயத்தை மட்டும் பார்க்க வேண்டுகிறேன்.

1. மூக்குக்கண்ணாடி தயாரிக்கும் கம்பெனியில் பல வருடம் வேலை பார்த்தேன். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் வில்லையைத் துடைத்து, டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்துத் தட்டில் அடுக்க வேண்டும். தூசி படியும் என்று ஜன்னலைத் திறக்க விடமாட்டார்கள், மின்விசிறியும் கிடையாது. ஸ்பிரிட் வாடை துணிமணி, தலைமுடி எல்லாவற்றிலும் ஏறிவிடும். "நம்ம பக்கத்துல வந்தா கொசுவே தள்ளாடுதுடி" என்று கூட வேலை செய்யும் பெண்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

2. என் ஒரே மகன் இறந்துவிட்டான். குடிதான் அவனைக் கொண்டுபோனது. எழுதக் கை கூசுகிறது, ஆனால் இதை விட்டால் மீதி விளங்காது. அடக்கம் முடிந்த கையோடு நான் வேலைக்குப் போய்விட்டேன். வீட்டில் இருந்தால் கொடியில் கிடக்கும் அவன் சட்டைதான் கண்ணில் படுகிறது.

3. தூக்கமில்லாமல், அழுது சிவந்த கண்ணோடு, ஒருநாள் தட்டைக் கீழே போட்டுவிட்டேன். அத்தனை வில்லையும் கீறல் விழுந்து வீணானது. அது என் தப்புதான், மறுக்கவில்லை. சூப்பர்வைசர் வந்து, "எங்க, ஊதுங்கம்மா" என்றார். ஊதினேன். "என்னம்மா இது, வாடை வருது?" என்றார். அந்த அறையில் யார் ஊதினாலும் அந்த வாடைதான் வரும் ஐயா. "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க சார், ரத்தம் எடுத்துப் பாக்கட்டும்" என்று கெஞ்சினேன். "வேணாம்மா, வெளிய தெரிஞ்சா உங்களுக்குத்தான் அசிங்கம்" என்றார். எனக்கு நல்லது செய்கிறார் என்றே நினைத்தேன்.

4. பிறகு மேனேஜர் அறையில் நிற்க வைத்துக் கேட்டார்கள். "வீட்டுல குடிப்பழக்கம் உண்டா?" என்றார் மேனேஜர். "இருந்துச்சு சார்" என்றேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. என் மகனுக்கு என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லி முடிக்க முடியவில்லை. நின்று அழுதேன். அதை வைத்து, 'பழக்கம் இருந்ததை ஒப்புக்கொண்டார்' என்று எழுதி, அந்தக் காகிதத்தைக் கையில் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டார்கள். குடித்தது யார் என்பதற்கு அவனுடைய ஆஸ்பத்திரிச் சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும்.

5. தங்கள் அலுவலக எழுத்தர் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "ஒழுங்கீனம்னு எழுதி வெளிய அனுப்பினா உதவித்தொகை கெடைக்காதும்மா. ரூல் அப்படி. நான் என்ன பண்ணட்டும்?" என்றார். அவர் மேல் குறையில்லை. வீட்டு வாடகை நிற்கிறது. வேறு கம்பெனியில் கேட்டால், அங்கிருந்து ஏன் அனுப்பினார்கள் என்று போன் போட்டு விசாரிக்கிறார்கள். அதோடு சரி.

6. என் மருமகளும் நானும் ஒரே அறையில்தான் இருந்தோம். அவனைப் பற்றிப் பேச எனக்கு இருந்த ஒரே ஆள் அவள். சேதி கேட்டுச் சம்பந்தியம்மா வந்தார். "பிள்ள விட்ட எடத்துலருந்து அம்மா தொடங்கிட்டாங்களா?" என்று வாசலில் நின்றபடியே கேட்டு, அவளைக் கையோடு கூட்டிப் போய்விட்டார். "நான் நம்பல அத்தை. அம்மா விடமாட்டேங்குது" என்றாள் போகும்போது. இப்போது வாய் திறந்து பேச வீட்டில் ஆள் இல்லை.

ஐயா, குடித்து நிற்கும் மகனைக் கதவைத் திறந்து உள்ளே இழுத்துப் படுக்கவைத்தவள் நான். அந்த நாற்றத்தைக் கழுவியவள். ஒரு சொட்டு என் நாக்கில் பட்டதில்லை. இதற்குச் சாட்சி சொல்லக்கூடியவன் இறந்துபோனான்.

ஆகவே, அந்த அறைக்கு யாரையாவது அனுப்பி ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பிறகு ஊதச் சொல்லிப் பார்க்க வேண்டும். அங்கு வேலை செய்யும் பெண்களைச் சூப்பர்வைசர் இல்லாத இடத்தில் விசாரிக்க வேண்டும். எனக்கு உதவித்தொகை கிடைக்கச் செய்ய வேண்டும்.

உத்தரவு எனக்குச் சாதகமாக வந்தால், இவள் குடிக்கவில்லை என்று எல்லோருக்கும் விளங்கும்படி எழுதி இரண்டு பிரதி தர வேண்டும். ஒன்று சம்பந்தியம்மாவுக்கு.

பாதகமாக வந்தால் தபாலில் அனுப்ப வேண்டாம். நானே வந்து நின்று கேட்டுக்கொள்கிறேன். அந்த வார்த்தை எழுதின காகிதம் இன்னொன்று என் வீட்டுக்குள் வர வேண்டாம் ஐயா.

இடம்: தங்கள் அலுவலக வராந்தா
நாள்: திங்கட்கிழமை

இப்படிக்கு,
இறந்தவனின் தாய்
(கையொப்பம்)