உயிரிழப்பு: ஒன்று

நாள் 211, 08:10

செரஸ் குறுங்கோள், பனிச்சுரங்க நிலையம். காப்பாளர் பொன்னுரங்கம், வயது ஐம்பத்தொன்று. எடை பதிவேட்டுக்குத் தேவையில்லை. காற்று சீர். வெப்பம் சீர். காபி சீரில்லை.

நிலையத்தில் உயிர்கள்: 1. படிவம் தினமும் இதைக் கேட்கிறது, நானும் தினமும் கிள்ளிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். துணைக்குப் பழுது பார்க்கும் ஆறுகால் இயந்திரம் ஒன்று. முதலில் அதற்கு மின்சாரம், பிறகுதான் எனக்குச் சோறு என்பது விதி. ஆகவே பெயர் மாப்பிள்ளை.

வெளி வேலைக்குக் கிளம்பியதும் ரேடியோவில் பேசியது.

"சார், போறேன்."

"அபசகுனமா பேசாதடா. போயிட்டு வரேன்னு சொல்லு."

"வருவேனான்னு தெரியாது, சார். தெரியாததைச் சொல்ல மாட்டேன்."

என் மனைவி வனஜாவிடம் இருபது வருடமாக "இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவருகிறேன், நாற்காலியை விட்டு எழாமலேயே. அவளுக்கு இந்த இயந்திரத்தை ரொம்பப் பிடித்துவிடும்.

நாள் 214, 11:35

விண்கல் விழுந்தது. சூரியத் தகடுகள் தூள். காற்றுச் சுத்திகரிப்பு இனி நிலைய பேட்டரியில்தான்; ஆறு நாள் ஓடும். மீட்புக் கப்பல் வர ஒன்பது நாள். கணக்கில் நான் வீக். இந்தக் கணக்கு எனக்கே புரிந்தது.

ரேடியோவில் கட்டுப்பாட்டு அறை மங்களேஸ்வரி. இவருக்கும் கப்பல் பிரிவு ஞானப்பிரகாசத்துக்கும் நான்கு மாதமாகப் பேச்சில்லை. பிறந்தநாள் கேக்கில் இவர் பெயரை விட்டுவிட்டார்களாம். எல்லாமே இப்போது படிவம் வழியாகத்தான். நான் சொன்னதாக வெளியே தெரிய வேண்டாம்.

"அந்த மெஷின் பேட்டரியைக் கழட்டி மாட்டுங்க, சார். இன்னும் நாலு நாள் ஓடும்."

"கழட்டினா அதோட நினைவெல்லாம் உறைஞ்சிடும், மேடம். மறுபடி வராது."

"அது என்ன உயிரா, சார்?"

நாள் 216, 16:20

கழற்றவில்லை. ஸ்பேனரை இரண்டு முறை எடுத்தேன். இரண்டு முறையும் அதால் முதுகைச் சொறிந்துவிட்டு வைத்துவிட்டேன். மாப்பிள்ளை வெளியே உடைந்த தகடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தது.

"மாப்ள, உனக்கு உயிர் இருக்கா?"

"தெரியாது, சார். தெரியாததைச் சொல்ல மாட்டேன். உங்களுக்கு?"

"இருக்கு. நாலு நாளைக்கு."

பொறுக்குவதை நிறுத்தியது. ரேடியோ திறந்தேதான் இருந்தது; மேடம் பேட்டரியைக் கழட்டச் சொன்ன அன்றும் அப்படித்தான்.

நாள் 217, 07:05

"சார், என் பேட்டரியைக் கழட்டி வாசல் பெட்டியில வெச்சிருக்கேன். எடுத்து மாட்டிக்குங்க. கையிருப்பு மின்சாரம் ரெண்டு நிமிஷம்தான்."

"டேய், உள்ள வா. முதல்ல உள்ள வாடா."

"போயிட்டு வரேன், சார்."

ஜன்னலில் தெரிகிறது. ஒரு காலைத் தூக்கியபடி நிற்கிறது. பேட்டரியை மாட்டினேன். முதலில் தலைகீழாக.

வராது என்று அதற்குத் தெரியும். தெரிந்தே வரேன் என்றது.

படிவம். உயிரிழப்பு: 1.

நாள் 217, 15:40

"என்ன சார் எழுதித் தொலைச்சீங்க? ஒண்ணுல ஒண்ணு போனா பூஜ்யம்! அங்க ஆளே இல்லைன்னு ஞானப்பிரகாசம் கப்பலைத் திருப்பிட்டாரு."

"நான்தான் பேசறேனே, மேடம். அவர்கிட்ட சொல்லுங்க."

"என் வாய்ப்பேச்சு வேணாமாம். படிவத்துல வரணுமாம். செத்தது உயிரில்லைன்னு திருத்திக் கையெழுத்துப் போடுங்க. சீக்கிரம் சார், இன்னும் தூரம் போயிட்டா எரிபொருள் பத்தாது."

'நிலையத்தில் உயிர்கள்: 2' என்று போட்டுப் பார்த்தேன். கட்டம் ஏற்கவில்லை. மூன்று முறை போட்டேன்.

16:02

உயிரிழப்பு: 0. பழுதான கருவி, உயிரற்றது. ஒப்பம்: பொன்னுரங்கம்.

17:10

"கப்பல் மறுபடி உங்க பக்கம் கிளம்பிடுச்சு. ஒரு நாள் தாமதம். பொழைச்சீங்க, சார்."

அந்த ஒரு நாள்தான் என்னிடம் மிச்சம் இருந்தது.

நாள் 224, 09:00

காற்று இன்று மாலை வரை. கப்பலும் மாலைதான். வனஜாவுக்கு "இதோ வந்துட்டேன்" என்று செய்தி அனுப்பியாயிற்று. வழக்கம்போல நாற்காலியில்தான் இருக்கிறேன்.

இதைக் கண்டெடுப்பவருக்கு. மேலே உள்ள பூஜ்யம் பொய். அது தன் வாழ்நாளில் சொன்ன ஒரே பொய் எனக்காக. நான் சொன்னதும் எனக்காகத்தான்.

14:25

தலை சுற்றுகிறது. எழுத்து கோணுகிறது. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கப்பல் இந்தப் பக்கமாக வராது, தெரியும். தூக்கிய கால் அப்படியே இருக்கிறது. போயிட்டு வரேன் என்றுதானே சொன்னது

சொன்னான்