வண்டி ஓட்டியது நான்தான்

மார்ச் 4

புதிதாகச் சேர்ந்த மாணவிக்கு ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுத்தேன். குப்பைத்தொட்டியில் இடித்துவிட்டு அழுதாள். தொட்டி அழவில்லையே, நீ ஏன் அழுகிறாய் என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். ஓட்டுநர் பள்ளியை மகளிடம் ஒப்படைத்த பிறகும் வாரத்தில் ஓரிரு நாள் போகாமல் இருக்க முடியவில்லை.

மாலையில் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்து ஆள் வந்தார். நினைவுநாள் அணிவகுப்புக்கு என் வீட்டுக்காரரை அழைத்துவிட்டு என்னிடம், "நீங்களும் வாங்கம்மா, குடும்பத்துக்குத் தனியா நாற்காலி போட்டிருக்கோம்" என்றார்.

குடும்பம்! போரில் அடிபட்டு மலைமேல் கிடந்த இவரைக் கீழே கொண்டுவந்த ஆம்புலன்ஸை ஓட்டியது யாராம்? அப்போது இவர் யாரென்றே எனக்குத் தெரியாது. பிழைத்தாரா என்று ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன், அது கல்யாணத்தில் போய் முடிந்தது. இவருக்குப் பதக்கம் வந்தது. எனக்கு வரவில்லை. கைக்குழந்தை, பிறகு பள்ளி, பிறகு வேறு ஏதோ – கேட்க நேரமே வாய்க்கவில்லை. இப்போது கேட்கத் தோன்றுகிறது.

மார்ச் 9

ராணுவப் பதிவு அலுவலகம் போனோம். கண்ணாடி போட்ட, பொறுமையான பெண் குமாஸ்தா. வெகுநேரம் தேடினாள். ஆம்புலன்ஸ் பிரிவின் காகிதங்கள் எல்லாம் கிடங்கில் தீப்பிடித்து எரிந்துவிட்டனவாம். "நான் பொறக்கறதுக்கு முன்னாடியே நடந்ததும்மா" என்று தானே கொளுத்தியதுபோல வருத்தப்பட்டாள். கோபித்துக்கொள்ள மனம் வரவில்லை.

ஒரு வழி உண்டு. அப்போது அங்கே பணியில் இருந்த ஒருவர், உறவினராக இல்லாதவர், நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும்.

இவர் நெஞ்சை நிமிர்த்தினார். "நான் சொல்றேன். அந்த வண்டியில படுத்திருந்ததே நான்தான்."

"நீங்க வீட்டுக்காரராச்சே சார்."

"அப்ப இல்லையே!"

"அதோட, சுயநினைவு இல்லாம கொண்டுவந்தாங்கன்னு உங்க ஃபைல்லயே இருக்கு."

வீடு வரும்வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

மார்ச் 17

யார் இருக்கிறார்கள் என்று உட்கார்ந்து யோசித்தோம். என்னோடு வண்டியில் வந்த உதவியாளர் இப்போது உயிரோடு இல்லை. டாக்டரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்று வண்டியில் இன்னொருவரும் இருந்தார் – காலில் குண்டு பாய்ந்த சமையல்காரர். வழி நெடுக விழித்தே இருந்தவர். வாய் ஓயாமல் பேசுவதால் படையில் அவருக்கு ரேடியோ என்று பெயராம். "அவன் நல்லாத்தான் இருக்கான். பேக்கரி வச்சிருக்கான்" என்றார் இவர்.

மார்ச் 22

பேக்கரிக்குப் போனோம். ரேடியோ இவரைக் கட்டிப்பிடித்தார், சூடான பன்னைக் கையில் திணித்தார், மூச்சு விடாமல் பேசினார். வந்த காரணத்தைச் சொன்னேன். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. அந்த வண்டிய ஓட்டினது ஒரு ஆம்பள. ஒட்ட வெட்டின முடி, ஹெல்மெட், கட்டைக் குரலு. நான் பாத்தேனே."

"அது நான்தாங்க."

"என் உயிரக் காப்பாத்தின மனுஷன் அவரு. அவருக்குச் சேர வேண்டியத இன்னொருத்தருக்கு எப்படி எழுதிக் குடுப்பேன்? என்னால முடியாதும்மா."

நல்ல மனிதர். அதனால்தான் இன்னும் வலிக்கிறது. பேன் தொல்லை தாங்காமல் முடியை நானே கத்தரித்துக்கொண்டேன். அது இத்தன வருஷம் கழிச்சு வந்து குறுக்க நிக்கணுமா? நான் அங்க இருந்தேனா இல்லையா? மலையில கிடந்தவங்கள வேற எவன்டா கொண்டுவந்தான்?

மார்ச் 23

துணி துவைத்தேன். எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 25

"விடும்மா, எங்களுக்குத் தெரியுமே, அது போதாதா?" என்கிறாள் மகள். பாதி நாள் போதும் என்றுதான் இருக்கிறது. காலையில் இவர் போட்டுத் தரும் டீ, மகள், பள்ளி, வம்புக்கு இழுக்க அக்கம்பக்கம். வேறென்ன வேண்டும்? மீதிப் பாதி நாளை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

ஏப்ரல் 2

ரேடியோ போன் செய்தார். பழைய காயம் முழங்காலில் வேலையைக் காட்டுகிறதாம், ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வர முடியுமா என்று இவரிடம் கேட்டார். இவரால் வண்டி ஓட்ட முடியாது. நான்தான் ஓட்டினேன். இவர் முன்னால். ரேடியோ பின் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு, சர்க்கரை விலையிலிருந்து உலக நடப்பு வரை அலசிக்கொண்டு வந்தார்.

நல்ல மழை. சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். எதிரே ஒரு லாரிக்காரன் பாதையை அடைத்துக்கொண்டு வந்தான். வண்டியில் ஆள் இருப்பது மறந்து வாய் தானாகத் திறந்துகொண்டது. "டேய் தடிமாடு! ரோடு என்ன உங்கப்பன் போட்டதா? ஒதுங்குடா, உள்ள ஆளு இருக்கு!" இதற்காகத்தான் மகள் பள்ளியில் எனக்குச் சாலையில் ஓட்டும் பாடம் தருவதில்லை, ரிவர்ஸ் மட்டும்தான்.

கண்ணாடியில் பார்த்தேன். ரேடியோ வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"வண்டிய நிறுத்துங்கம்மா."

ஓரம் கட்டினேன்.

"அன்னைக்கு மலைப்பாதையில குறுக்க ஒண்ணு வந்துச்சே. என்ன அது?"

"கோவேறு கழுதை. நம்ம படையோடதுதான். மூட்டையோட நடுவுல நின்னுக்கிட்டு நகரவே இல்ல."

"அத என்னன்னு திட்டினீங்க?"

சொன்னேன். இங்கே எழுதமாட்டேன், மகள் என்றைக்காவது படிப்பாள். ரேடியோ சிரிக்க ஆரம்பித்தார், சிரிப்பு அழுகையாகிவிட்டது.

"செத்துருவேன்னு நெனச்சுக்கிட்டுக் கிடந்தேன்மா. அந்தத் திட்டக் கேட்டுச் சிரிப்பு வந்துருச்சு. சிரிக்க முடியுதே, அப்ப பொழச்சுக்குவோம்னு அங்கதான் தோணுச்சு. உங்களப் போயி ஆம்பளன்னுட்டேனே."

"அப்படித் திட்டினா வேற என்னன்னு நெனப்பே?" என்றார் இவர்.

டாக்டர் எங்களைக் காக்க வைத்துவிட்டார். யாருக்கும் அவசரமில்லை.

ஏப்ரல் 6

"சுருக்கமாகச் சொல்லுங்க" என்று ரேடியோவிடம் குமாஸ்தா கேட்டுக்கொண்டாள். பாவம், தெரியாமல் கேட்டுவிட்டாள். சாப்பாட்டு நேரம் தாண்டியது. கழுதை வந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு அவளும் சிரித்தாள். அவர் கையெழுத்தை அழுத்தி அழுத்திப் போட்டார்.

மே 30

தகவல் இல்லை. ஹாலில் மின்விசிறி மாற்றினோம். பழையதே தேவலை.

ஜூலை 19

பதக்கம் வந்துவிட்டது. தபால்காரர் வழக்கம்போல இவரிடம் நீட்டினார். "எனக்கில்ல, அவங்களுக்கு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார் இவர்.

வீட்டுப் புடவையிலேயே குத்திவிட்டார். ஊசி என்னைக் குத்தியது. "அசையாம நில்லேன்!" "நீங்க அசையாம குத்துங்களேன்!" அடுப்பில் ஏதோ தீய்ந்த வாடை. இரண்டு பேரும் போகவில்லை.

ஆகஸ்ட் 11

நினைவுநாள். வரிசையில் நின்றேன். புது ஷூ கடித்தது. இவர் முன் வரிசையிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்து அதட்டு வாங்கினார். நானும் நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் – பெரும்பாலும்.

செப்டம்பர் 5

போன வாரம் ஓர் அம்மாள் வீடு தேடி வந்தார். போர் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவர். அவருடைய காகிதங்களும் அதே தீயில் போய்விட்டன. கண்ணாடிக்காரக் குமாஸ்தாதான் என்னிடம் அனுப்பியிருக்கிறாள். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அப்போது ஒவ்வொரு முறையும் என் ஆம்புலன்ஸின் கதவைத் திறக்க ஓடிவந்த பெண்.

இன்று அவரோடு அலுவலகம் போனேன். கண்ணாடிக்காரப் பெண் விடுப்பில் இருந்தாள். வேறொருவர் உட்கார்ந்திருந்தார், அவரை எனக்குத் தெரியாது.

"சாட்சி நீங்களாம்மா? அப்ப என்ன வேலையில இருந்தீங்க?"

"ஆம்புலன்ஸ் டிரைவர்."

எழுதிக்கொண்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. முத்திரை குத்திவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.