ஒரே ஆணியில் இரண்டு பை

11-7-2005, திங்கள்

காலையிலிருந்து தூறல். கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் மூடவில்லை, இடது தோள் முழுக்க ஈரம். ஏ ஷிப்ட். செல்போன் மூடியில் கீறல் இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர், இல்லாவிட்டால் அடுத்த தட்டு. நாள் முழுக்க சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

டீ பிரேக்கில் சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்றார். வியாழக்கிழமை வந்த காய்ச்சல் விட்டதா என்று கேட்டார். பிறகு, "ஒரகடம் பக்கம் காத்து நல்லாக்கீதாமே" என்றார், சிரித்துக்கொண்டே. டீயைப் பாதியில் வைத்துவிட்டு லைனுக்குத் திரும்பிவிட்டேன்.

காய்ச்சல் என்று சொல்லிவிட்டு ஒரகடத்தில் புதுக் கம்பெனி இண்டர்வியூவுக்குப் போனேன். இந்த மாதக் கடைசியில் என் காண்ட்ராக்ட் முடிகிறது. வெளியே வேலை தேடுகிறவளுக்கு நீட்டிப்பு கிடையாது. புது இடத்திலும் இதுவரை கூப்பிடவில்லை. இரண்டும் போனால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அப்பா மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கிறார். மாட்டேன்.

ஒரகடம் போனது தெரிந்தவள் ரூம்மேட் ஜெசிந்தா மட்டும். இண்டர்வியூ இருப்பதே அந்தக் கம்பெனியில் வேலை செய்யும் அவள் சித்தி மகன் சொல்லித்தான் தெரியும். அவள்தானா?

12-7, செவ்வாய்

வெயில். வாங்க வேண்டியது: சோப்பு, மண்ணெண்ணெய், ஊக்கு.

அவளுக்கு பி ஷிப்ட். நான் அறைக்கு வரும்போது போயிருப்பாள், நான் கிளம்பும்போது தூங்குவாள். ஞாயிறு மட்டும்தான் முகம் பார்த்துப் பேச்சு. மற்ற நாளெல்லாம் ஜப்பான் கார்ட்டூன் தொடர்தான் எங்களுக்குள் ஒட்டு. அவள் காலையில் பார்ப்பாள், நான் சாயங்காலம். பார்த்த டிஸ்க் பிளேயருக்கு மேலே, பார்க்காதது கீழே. கடைசி டிஸ்க்கை மட்டும் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து பார்ப்பதாக ஒப்பந்தம்.

கதை: தையல்கடை மாடியில் இரண்டு பெண்கள். காசுக்குக் கொலை செய்கிறவர்கள். பாதியில் நெட்டைக்காரிக்கு உத்தரவு வருகிறது, கண்ணாடிக்காரியை முடித்துவிடு என்று. கண்ணாடிக்காரிக்கும் அதே உத்தரவு வந்ததா, தெரியாது.

பாஸ்: கொலையைக் காட்டுவதில்லை. அப்புறம் செருப்பைக் கழுவுவதைக் காட்டுகிறார்கள், அதில்தான் பயம் வருகிறது. சந்தேகம் வந்த பிறகும் கண்ணாடிக்காரி இரண்டு பேருக்கும் சேர்த்தே டீ போடுகிறாள். அந்த இடம் அபாரம்.

ரிஜெக்ட்: ஒவ்வொரு கொலைக்கு முன்னும் அதே பாட்டு, ஆள் சாகப்போவது நமக்கே தெரிந்துவிடுகிறது. போலீஸ்காரர்கள் அத்தனை பேரும் மக்கு. நடுவில் இரண்டு டிஸ்க் சும்மா இழுவை. கீழே ஓடும் இங்கிலீஷ் எழுதினவர்களுக்கே புரியாது. பெரிய குறை: எனக்கும் உத்தரவு வந்திருக்கிறது, உனக்கு? என்று ஒருத்தி வாய் திறந்து கேட்டால் கதை அன்றைக்கே முடிந்துவிடும். கேட்கமாட்டார்கள். எரிச்சல்.

13-7, புதன்

ஷிப்ட் விட்டு வெளியே வருகிறேன், கேட் பக்கத்தில் ஜெசிந்தாவும் சூப்பர்வைசரும். அவள் தோள் பையைத் தட்டித் தட்டி ஏதோ சொல்கிறாள். அவர் தலையாட்டுகிறார். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள். கையசைத்தாள். நானும் அசைத்தேன்.

இனி என்ன சந்தேகம். அவளுக்கும் இந்த மாதம்தான் காண்ட்ராக்ட் முடிகிறது. என்னைக் கழித்துவிட்டால் அவளுக்கு இடம் உறுதி.

டிஸ்க் போட்டேன். மனசு போகவில்லை. ரசத்தில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

14-7, வியாழன்

சூப்பர்வைசர் கூப்பிட்டார். போன வாரம் ஜெசிந்தா ஒரகடம் போனாளா, எதற்காகப் போனாள் என்று கேட்டார். என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். அவள் போகவில்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி எனக்குத்தான்.

"இண்டர்வியூவுக்குத்தான் போனா சார்" என்றேன்.

அவ்வளவுதான். போகச் சொல்லிவிட்டார். முதலில் செய்தவள் அவள். நான் பதிலுக்குத்தான்.

15-7, வெள்ளி

புழுக்கம். வேலையில் ஒரு கீறலைத் தவறவிட்டேன், திட்டு.

வீட்டுக்கார அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "இன்னாம்மா, அந்தப் பொண்ணு காலைல துண்ணாமகூட படுத்துகினு கீது. மூஞ்சே செரியில்ல. இன்னான்னு கேளேன்" என்றார். கேட்கிறேன் என்றேன். கேட்கவில்லை.

17-7, ஞாயிறு

எழுத வரவில்லை. எழுதுகிறேன்.

எழுந்தபோது ஜெசிந்தா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நீட்டிப்பு இல்லையாம், நேற்றே சொல்லிவிட்டார்களாம். ஊருக்குப் போகிறாள்.

எங்களிடம் இருப்பது தீபாவளிக்குக் கம்பெனி எல்லோருக்கும் கொடுத்த கறுப்புப் பை. இரண்டும் ஒரே ஆணியில் தொங்கும், கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடுவோம். ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தாள். உள்ளே என் ஊக்கு, என் தைலக் குப்பி. அடியில் வட்டமான நீல ஸ்டிக்கர், ஒரகடத்துக் கம்பெனியின் பெயரோடு. அங்கே கேட்டில் பையைச் சோதித்துவிட்டு ஒட்டியது. திங்களன்று எங்கள் கம்பெனியில் பை வைக்கும் ரேக்கில் செக்யூரிட்டி அதைப் பார்த்துவிட்டு சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறார். யாருடைய பை என்றுதான் தெரியவில்லை. நாள் முழுக்க அடுத்தவர் பொருளில் கீறல் தேடுகிறவள், என் பையின் அடியைத் திருப்பிப் பார்க்கவில்லை.

"ஒன் பைன்னு தெரிஞ்சா ஒன்ன விடமாட்டாவ. அதான் அவரு கேட்டப்போ எம்பையின்னேன், ரெண்டும் மாறிப்போச்சுன்னேன்" என்றாள். "சித்தி மவனப் பாக்கப் போனேன், கேட்டுல ஒட்டிட்டாவன்னு சொன்னேன். காலைல போயிட்டு மத்தியானம் ஷிப்டுக்கு வந்துட்டேன்னேன். லீவுமில்ல, ஒண்ணுமில்ல. அவரும் சரின்னுட்டாரு."

ரெண்டு பேரும் தப்பித்திருப்போம். நான் வாயைத் திறக்கும்வரை.

அவள் அழவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது தாங்கியிருப்பேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா."

நானே சூப்பர்வைசரிடம் போய்ச் சொல்கிறேன் என்றேன். ரெண்டு பேருக்கும் வேலை போய் என்ன ஆகப்போகிறது, விடு என்றாள். சட்டென்று ஒத்துக்கொண்டேன். அதுதான் இப்போது அருவருப்பாக இருக்கிறது.

கடைசி டிஸ்க் பிளேயருக்குக் கீழே, உறை பிரிக்காமல். எனக்குத் தெரியாமல் பார்த்திருப்பாள் என்று அதையும் சந்தேகப்பட்டிருந்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாள். கிளம்பும் முன் டீ போட்டாள். இரண்டு டம்ளர்.

18-7, திங்கள்

மழை. ஏ ஷிப்ட். எனக்கு நீட்டிப்பு உண்டென்று சூப்பர்வைசர் சொன்னதாகப் பஸ்ஸில் பேச்சு. ஒரகடத்திலிருந்து யாரும் கூப்பிடவில்லை.

கிளம்பும் முன் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன். பாதிதான் வந்தது, அதற்குள் பஸ் வந்துவிட்டது.