பூனா மல்லிகா

அப்பா,

இன்று வேங்கிக்கால் தபால் ஆபீஸில் உறையை ஒட்டப் பசையைத் தொட்டேன். அந்தப் புளித்த வாசனையில் உங்கள் தீவனக் கடை நினைவுக்கு வந்துவிட்டது. கடிதம் யார் பெயருக்கு வந்தாலும், பிண்ணாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து நீங்கள்தான் முதலில் பிரிப்பீர்கள். "ஊட்டுக்கு வர்ற கடுதாசிய நான் படிக்காம வேற யாரு படிப்பா?" என்பீர்கள்.

அதனால்தான் மல்லிகா பிறந்தாள்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து என்னோடு கல்லூரியில் படித்தவர், வேலை கிடைத்துப் பூனாவுக்குப் போயிருந்தார். அவர் கடிதங்களின் அடியில் 'அன்புத் தோழி மல்லிகா' என்று கையெழுத்துப் போடச் சொன்னது நான்தான். 'உன் நினைவாகவே இருக்கிறது' என்பதை 'இங்கே மழை ஜாஸ்தி' என்று எழுத வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு.

சித்திரை வெயிலில் மலையே கொதித்தபோதும் பூனாவில் மழை விடவில்லை. "பாவம், அந்தப் பொண்ணு நனைஞ்சிக்கினே வேலைக்குப் போவுது" என்று கவலைப்பட்டு, பூப்போட்ட குடை ஒன்றை வாங்கிப் பார்சலில் அனுப்பினீர்கள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு போன அன்று ஃபேக்டரியில் யாருக்குமே வேலை ஓடவில்லையாம்.

உங்களுக்கு நன்றி சொல்லி மல்லிகா பதில் எழுதினாள். அதற்குப் பிறகு எனக்கு நாலு வரி, உங்களுக்கு ரெண்டு பக்கம். அந்த ஊர் எருமைகள், கடலைப் பிண்ணாக்கு விலை என்று அவள் எழுதியதையெல்லாம் கடைக்கு வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்டினீர்கள்.

ஒருநாள் சாப்பிடும்போது, "நம்ம பெரியவனுக்கு மல்லிகாவையே கேட்டுடலாம்னு பாக்கறேன்" என்றீர்கள். அண்ணனுக்குப் புரையேறியது.

"அவங்க இன்னா ஆளுங்கனே தெரியாதே" என்றாள் அம்மா.

"எந்த ஆளுங்களா இருந்தா இன்னா? இப்படி மனசு விட்டு எழுதற பொண்ணு எங்க கெடைக்கும்?"

பூனாவுக்கு ரயில் டிக்கெட்டோடு நீங்கள் வந்து நின்ற அன்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"மல்லிகா பொண்ணு இல்லப்பா."

"பொண்ணு இல்லனா?"

"பையன். கீழ்பென்னாத்தூரு. நம்ம ஆளுங்க இல்ல. கட்டிக்கினா அவரத்தான் கட்டிக்குவேன். எந்த ஆளுங்களா இருந்தா இன்னானு நீங்கதானே சொன்னீங்க?"

"அது பொண்ணுக்குச் சொன்னது!"

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் உங்கள் கண் கலங்கியிருந்தது.

"அப்போ மல்லிகானு யாருமே இல்லியா?"

ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை நீங்கள். விஷயம் தெரிந்து சித்தப்பா வந்து சாதி, மானம் என்று கத்தினார். "நீ சும்மா இருடா, எனக்கு ஒரு மருமகளே போயிட்டா" என்று அவரை அனுப்பி வைத்தீர்கள்.

லீவில் வந்தவர் கடையில் உங்கள் எதிரே நின்று வாயே திறக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார்.

"எழுதறப்ப இருந்த வாயி எங்க போச்சு?" என்று பில் புத்தகத்தைத் திருப்பிப் போட்டு, கையில் பேனாவைத் திணித்தீர்கள். 'குடை நன்றாக இருக்கிறது. உங்களைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது' என்று அவர் எழுதி நீட்டினார். வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். "அவளேதான்டி!" என்று அம்மாவைக் கூப்பிட்டீர்கள். எங்கள் கல்யாணம் முடிவானது அப்படித்தான்.

கடைசி வருஷம் உங்களுக்குக் காது போனபோது நாங்கள் எல்லோரும் கத்தினோம். அவர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் காட்டினார். நீங்கள் படித்துவிட்டுத் தெருவுக்கே கேட்கும்படி பதில் சொல்வீர்கள். "ரசத்துல உப்பு ஜாஸ்தியா? அவ அம்மா கைப்பக்குவம் அது!" அவருக்கு என்மேல் என்னென்ன குறை என்பது எனக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே நேரத்தில்தான் தெரிந்தது.

உங்கள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தாளையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தேன். 'இனிமே யாருக்கு எழுதறதுனு தெரியல' என்று எழுதினார்.

"எனக்கு எழுதுங்க" என்றேன்.

எழுதுகிறார், அப்பா. நான்தான் உங்களைப் போலவே சத்தமாகப் பதில் சொல்கிறேன்.