ஏழாம் பிரிவும் வால்வுச் சாவியும்

பிப்ரவரி 9, ஞாயிறு

குடிநீர்ச் சமிதியின் பொதுக்கூட்டம், அங்கன்வாடியில். தலைவர் மோகனனுக்கு இரண்டாம் தவணை அடுத்த மாதம் முடிகிறது. இரண்டு தவணைக்கு மேல் யாரும் தலைவராக இருக்கக் கூடாது: எங்கள் விதிப் புத்தகமான நியமாவலியில் ஏழாம் பிரிவு. சமிதி தொடங்கியபோது அதை எழுதியவள் நான். அன்றிலிருந்து செயலாளரும் நானே.

யாரோ "மோகனன் அண்ணனே தொடரட்டு" என்றார். கைதட்டினார்கள். "பாஸாச்சு" என்றார் மோகனன். அவ்வளவுதான்! எழுந்து ஏழாம் பிரிவை வாசித்தேன்.

"டீச்சரே, இது டெல்லி ஒண்ணுமில்ல. வெறும் கொழாயாக்கும்" என்றார் மோகனன்.

சிரிப்பு. மீன் விற்கும் பெர்த்தா மட்டும் கேட்டாள்: "எழுதி வச்சத கையடிச்சு அழிச்சிரலாமா?"

பிப்ரவரி 11

பெர்த்தா வீட்டில் மட்டும் தண்ணீர் இல்லை. அவள் வீட்டுக் குழாயைத் திறக்கும் வால்வுப் பெட்டியின் சாவி மோகனனிடம். போய்க் கேட்டேன். "கொழாயில காத்து ஏறியிருக்கும். சில வீட்டுக்கு அப்பிடி வரும் டீச்சரே" என்று பல்லிளிக்கிறார்.

பிப்ரவரி 12

காலையில் வகுப்பில் அடிப்படை உரிமைகள் நடத்தினேன். மாலையில் என் வீட்டுக் குழாயடியில் பெர்த்தா குடத்தோடு நிற்கிறாள். என்ன பாடம், என்ன டீச்சர்!

பிப்ரவரி 15

நெய்யாற்றின்கரையில் வக்கீல் ஜிஜியைப் பார்த்தேன். வழக்குப் போடலாம் என்றாள். நான் பஸ் இறங்குமுன் செய்தி ஊருக்கு வந்துவிட்டது. வாசலில் மோகனன்.

"சாவிய எனக்கு யாரு தந்தது? 2018 மினிட்ஸ எடுத்துப் பாருங்க. ஆரோட கையெழுத்து உண்டுன்னு."

பார்க்காமலே தெரியும். அப்போது கிருஷ்ணன்குட்டி சார் தலைவர், நல்ல மனிதர். கோடையில் ஒவ்வொரு வால்வுக்கும் கமிட்டி கூட்ட முடியாதென்று சாவியையும் அதிகாரத்தையும் தலைவருக்கே கொடுத்தோம். தீர்மானத்துக்கு நாற்பது பேர் வேண்டும், வந்தது பதினேழு. மறுநாள் மினிட்ஸ் புத்தகத்தோடு வீடு வீடாக நடந்து மீதிக் கையெழுத்தை வாங்கினேன். இங்கே எல்லாச் சங்கமும் செய்வதுதான். "நாற்பத்தாறு பேர் கலந்துகொண்டனர்." எழுதியது இந்தக் கை.

நல்லவருக்காகச் செய்தேன். நல்லவர் செத்துப்போனார், சாவி சாகவில்லை. சே! எனக்கு அண்ணைக்கு என்ன கேடு வந்துது?

பிப்ரவரி 18

அந்த 2018 தீர்மானமே செல்லாது என்று மனுவில் சேர்க்கச் சொன்னேன். "பொய்யா எழுதினது நீங்கன்னு ஒத்துக்கணும் சேச்சி. வேலைக்கே தொந்தரவு வரும்" என்றாள் ஜிஜி.

எழுது என்றேன்.

மார்ச் 20

இடைக்காலத் தடை கிடைத்தது. மோகனன் தொடரக் கூடாது, சாவி கமிட்டியிடம். விளக்கம் கேட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து எனக்கும் ஒரு கடிதம்.

மார்ச் 23, ஞாயிறு

பெர்த்தா வீட்டில் தண்ணீர் வருகிறது. மகள் டெல்னாவோடு வந்தாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். கையில் நியமாவலி. மகளை முழுவதும் வாசிக்கவைத்துக் கேட்டாளாம்.

"தலைவருக்கு ரெண்டு தவணை. செக்ரட்டரிக்கு எத்தனை டீச்சரே? எங்கயும் காணல்லியே."

பதினோரு வருடம். எழுதியவள் நான், என் கண்ணில் படவேயில்லை. வெட்கமில்லாமல் அவள்மேல் கோபம் வந்தது. "அதுக்கென்ன இப்போ?" என்றேன்.

"அதையும் எழுதணும்லா."

நின்றுகொண்டே இருந்தாள். தாளெடுத்து எழுதினேன்: செயலாளருக்கும் இரண்டு தவணையே. முன்மொழிபவர் பெர்த்தா. பேனாவை நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. தாளை டெல்னாவிடம் கொடுத்தாள்.

"வாசி மக்கா. நல்லா ஒறக்க வாசி, எனக்குக் கேக்கணும்."