மூன்றாவது கியரில் கடலோரம்

பிஸ்கட்டவே
14 மே 2006, ஞாயிறு

அன்புள்ள என்னவருக்கு,

டல்லாஸ் வெயில் உங்களை ரொம்ப வாட்டாம இருக்கணும். நான் திரும்பி வந்து மூணு நாளாச்சு. சௌக்கியமா இருக்கேன், மூக்குதான் கருத்து, தோல் உரிஞ்சுக்கிட்டிருக்கு. போன்ல பேசாம எதுக்குக் கடிதம்னு நினைப்பீங்க. போன்னா நான் ரெண்டு வார்த்தை சொல்றதுக்குள்ள நீங்க நாலு புத்திமதி சொல்லிடுவீங்க. இதில் குறுக்கே பேச முடியாதுங்களே!

என் லேப் சிநேகிதி மரிசெல்லோட தங்கச்சி கல்யாணம் பிலிப்பைன்ஸில் லவாக் ஊரில் நல்லபடியா நடந்தது உங்களுக்குத் தெரியும். தெரியாதது இனிமேதான். மறுநாள் காலையில் காபி குடிச்சுக்கிட்டே மரிசெல், கடலோரமா வடக்கே பகுத்புத் வரைக்கும் போலாமான்னு கேட்டா. அரை மணி நேரத்தில் அவ மாமாவோட பழைய வேனில் அவ, நான், இங்கிருந்து எங்களோட வந்த தெஸ்ஸி மூணு பேரும் ஏறிட்டோம். மாத்துத்துணி கூட எடுக்கலை. கல்யாணமாகி பதினெட்டு வருஷத்தில் திட்டம் போடாம நான் எங்கேயாவது போயிருக்கேனா, சொல்லுங்க?

ஆனா சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்காம வண்டியை எடுக்க விடமாட்டேன்னுட்டேன். அங்கே கலமான்சின்னு கோலிகுண்டு அளவில் ஒரு குட்டி எலுமிச்சைதான் இருந்தது. நாலு வெச்சோம். எதுக்குன்னு தெஸ்ஸி கேட்டா, எங்க ஊர் இன்ஷூரன்ஸ்னேன். மாமா அதை நிஜமாவே நம்பி ஸ்டெப்னி மேலயும் ஒண்ணு வெச்சார்!

வழியில் பூர்கோஸ்ங்கிற ஊர்ல குன்று மேல ஒரு பழைய லைட்ஹவுஸ். படி இறங்கறப்ப, அதுவரை வண்டி ஓட்டின மரிசெல்லுக்குக் கால் பிசகிடுச்சு. கணுக்கால் வீங்கியும் சிரிக்கிறா. பின்சீட்டில் காலை நீட்டிக்கிறேன், திரும்ப மட்டும் கூடாதுன்னு பிடிவாதம். தெஸ்ஸிக்கு கியர் வண்டி ஓட்டத் தெரியாது. எனக்குத் தெரியும்னு என் வாய் சொல்லிடுச்சு. கோயமுத்தூர்ல எங்கப்பா ஜீப்பை நான் ஓட்டினதை நீங்கதான் நம்பவே மாட்டீங்களே.

முதல் பத்து நிமிஷம் ரெண்டாவது கியரைத் தாண்டவே இல்லை. ரெண்டு வருஷம் முந்தி நம்ம வீட்டுப் பக்கத்து 287 ஹைவேயில் அந்த ட்ரக்குக்காரன் ஹாரன் அடிச்சதும், நான் வெலவெலத்துத் தடுப்புக் கம்பியில் மோதினதும்தான் கண்ணுக்குள்ள வந்தது. இந்த ஊரில் ஹாரன் அடிச்சா திட்டற மாதிரிங்க. அங்கே பஸ், ஆட்டோ எல்லாம் காந்திபுரம் மாதிரி சும்மா அடிச்சுக்கிட்டே போறாங்க. நானும் அடிச்சேன். அடிக்க அடிக்க பயம் விட்டுப் போச்சு.

பாங்குயி கடற்கரையில் காற்றாலைகள் வரிசையா சுத்தறதைப் பார்த்து, பல்லடம் வந்திருச்சுன்னு கத்தினேன். அப்புறம் மலையை ஒட்டி கடலுக்கு மேலயே வளைஞ்சு வளைஞ்சு போற ஒரு பாலம். மூணாவது கியரில் போனேன். தெஸ்ஸி பாட, மரிசெல் தாளம் போட, நடுவில் வண்டியை நிறுத்தி வாழையிலையில் சுத்தின தேங்காய்ப்பால் அரிசிப் பலகாரம் ஆளுக்கு நாலு. என்ன சந்தோஷம்ங்க! திரும்பி லவாக் வரைக்கும் நான்தான் ஓட்டினேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். வெஸ்ட் வின்ட்சர் கம்பெனி அந்த சூப்பர்வைசர் வேலைக்கு 22-ந்தேதி திங்கட்கிழமைக்குள்ள பதில் கேட்கிறாங்க. தினமும் கார் ஓட்டணும், உன்னால ஆகாதுன்னு நீங்க சொன்னப்ப நானும் தலையாட்டினேன். இனி ஆட்ட மாட்டேன். எனக்கு அந்த வேலை வேணும். நேத்து காலையில் அன்னைக்கு என்கிட்டேர்ந்து வாங்கி உங்க மேஜை டிராயரில் நீங்க வெச்ச கார் சாவியை எடுத்து 287-ல் ரெண்டு எக்ஸிட் தனியாப் போய் வந்தேன். திட்டறதுன்னா நேரில் திட்டுங்க.

வெள்ளிக்கிழமை நுவார்க் ஏர்போர்ட்டுக்கு ஸ்ரீநிவாசன் அண்ணனைக் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணாதீங்க. நான் வர்றேன். வீடு வரைக்கும் நான்தான் ஓட்டுவேன்.

ஏனுங்க, அன்னைக்கு மோதினப்ப நீங்க கத்தினதைத்தான் ரெண்டு வருஷமா மனசில் வெச்சிருந்தேன். சாவியை வாங்கறப்ப உங்க கை நடுங்கினதை இப்பத்தான் நினைச்சுப் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமையும் நடுங்கினா நடுங்கட்டும். என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நடுங்குங்க.

வேளாவேளைக்குச் சாப்பிட்டு, பத்திரமா வந்து சேருங்க.

உங்கள்
வசந்தாமணி