அப்பா தாலி

கட்டில் பெட்டியைத் திறந்து குளிருக்குப் போர்த்தும் பஞ்சு ரஜாய்களை எடுத்ததும் பாச்சை உருண்டை வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. தீபாவளி கழிந்ததும் இந்த வேலையை நீங்கள்தான் செய்வீர்கள். பால்கனிக் கம்பியில் அவற்றை வெயிலுக்குப் போட்டுவிட்டு, "குளிரு வந்துட்டு, இனி பிப்ரவரி வரைக்கும் காலங்காத்தால என்னைய யாரும் குளிக்கச் சொல்லப்படாது" என்று வீட்டுக்கே கேட்கும்படி உத்தரவு போடுவீர்கள். இந்த வருஷம் நான் எடுத்தேன். மூன்றையும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்ட பிறகுதான் மூன்று எதற்கு என்று உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இதுவே நான் எழுதும் கதையாக இருந்தால், கதாநாயகி அந்த ரஜாயில் முகத்தைப் புதைத்து அழுதிருப்பாள். அழுததும் மனசு லேசாகியிருக்கும். அடுத்த பாராவில் எழுந்து போய் காப்பிக்குத் தண்ணீர் வைத்திருப்பாள். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. முகத்தைப் புதைத்துத்தான் பார்த்தேன். உங்கள் வாசனை ஒரு துளி இல்லை. வெறும் பாச்சை உருண்டை.

நீங்கள் எத்தனை கேலி செய்வீர்கள்! லோதி ரோடு குவார்ட்டர்ஸின் சமையலறை மேடையில் காய்கறிக் கூடையை ஒதுக்கிவிட்டு நான் எழுதிய குடும்பக் கதைகளுக்கு முதல் வாசகர் நீங்கள்தான். ஆபீஸிலிருந்து வந்து சைக்கிளைப் பூட்டிய கையோடு பக்கங்களைப் புரட்டுவீர்கள். "ஏட்டி, இதுலயும் ஒரு மூக்குக் கண்ணாடியா? போன கதைல குடை, அதுக்கு முந்துன கதைல ஊறுகா ஜாடி. ஒன் கதைல மனுசன் செத்தா மனுசன் அழ மாட்டான், சாமான்தான் அழும்."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். "நம்ம பொம்பளைக நேரா நின்னு அழுது பாத்திருக்கீங்களா? ஒரு டம்ளரை விளக்கிக்கிட்டேதான் அழுவாக. நான் அதத்தான் எழுதுதேன்" என்பேன்.

"அழுறது சரி. கடைசிப் பக்கத்துல எல்லாரையும் தேத்தி விட்டுருதியே, அதான் பொய்யி. சரி, நான் போனா எந்தச் சாமானுக்குட்டி வேலை குடுப்ப?"

"வாயக் கழுவுங்க" என்று கரண்டியை ஓங்குவேன்.

ஆகஸ்டில் ஒரு காலை சைக்கிள் பஞ்சர் என்று பஸ்ஸுக்குப் போனீர்கள். ஸ்டாப்பில் நின்ற இடத்திலேயே சாய்ந்தீர்கள், பிறகு எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து நம் மகள் வீட்டில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். குர்காவுனில் ஆபீஸ் கேன்டீனில் ஏதோ கொறிக்கிறாள் போலிருக்கிறது. வீட்டுக்கு வந்தால், "சாப்பிட்டாச்சும்மா, பசி இல்ல" என்று அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். அவள் கைவளை முழங்கை வரைக்கும் ஏறியது. உங்களைப் பறிகொடுத்தவளுக்கு இவளையும் பறிகொடுத்துவிடுவேனோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. சோற்றை வடித்துவிட்டு யாருக்கு வடித்தேன் என்று நிற்பேன்.

காரியத்துக்கு உங்கள் அக்கா ஊரிலிருந்து வந்திருந்தார்கள். முந்தின நாள் சாயந்திரம் பால் கிண்ணத்தோடு என் எதிரே உட்கார்ந்து, "ஏளா, தாலிய எடுத்துருவோம். நாளைக்கு ஆளு வந்து நிக்கும்போது முடியாது" என்றார்கள். நான் கழுத்தைக் குனிந்துகொண்டேன். இந்தக் காட்சியை எத்தனையோ கதையில் எழுதியிருக்கிறேன்.

அப்போதுதான் சமையலறையிலிருந்து நம் மகள் கத்தினாள்.

"நஹீ! தாலிய எடுக்காதீங்க அத்தை! குடுக்க மாட்டேன். அது அப்பாவோடது!"

உங்கள் அக்கா திடுக்கிட்டுத் திரும்பினார்கள். "அப்பன் தாலியா? இது என்னளா கூத்து? பிள்ளைக்குப் புத்தி கித்தி பிசகிட்டா?"

அவள் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றது உங்கள் தட்டு. குழி குழியாகப் பிரித்த அந்த ஸ்டீல் தட்டு. உங்களுக்கு நினைவிருக்கும். மூன்று வயதில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடிவிட்டு வந்து, தட்டு என்ற சொல் நாக்கில் வராமல், அவர்கள் ஹிந்தியில் தட்டைத் தாலி என்பதைப் பிடித்துக்கொண்டு, "அப்பா தாலி" என்று அதைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வருவாள். உங்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியாது. "கேட்டியாட்டி, எனக்கும் தாலி ஏறியாச்சு. இனி நீயும் நானும் சமம்." அந்த நாளிலிருந்து இந்த வீட்டில் தாலி என்றால் உங்கள் தட்டுதான். என் கழுத்தில் கிடந்ததற்குப் பெயர் செயின். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு வேறு அர்த்தம் யார் சொல்லிக் கொடுத்தோம்? அத்தை அப்பாவின் தட்டைப் பாலில் கழுவி ஊருக்கு எடுத்துப் போய்விடப் போகிறார்கள் என்று அவள் நினைத்துவிட்டாள்.

நான் திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னேன். உங்கள் அக்கா முதலில் சிரித்தார்கள். சிரித்த வாக்கிலேயே அழுகை வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "எந்தம்பி ரெண்டு தாலிய வச்சிட்டுப் போயிருக்கான். நான் எதைன்னு எடுக்க?" என்று பால் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்கள். மறுநாளும் யாரையும் என் கழுத்துப் பக்கம் விடவில்லை. அவ்வளவு கறாரான மனுஷி.

கதையாக இருந்தால் இங்கே முடித்திருப்பேன். எவ்வளவு தோதான முடிவு! அந்த நேரத்திலும் அது என் புத்தியில் ஓடியது என்பதுதான் கொடுமை. அக்கா ரயிலேறிப் போனார்கள். செயின் கழுத்தில் இருந்தது, தட்டு அவள் தலையணைப் பக்கத்தில் இருந்தது. அவளும் சாப்பிடவில்லை, எனக்கும் ஒன்றும் ஆறவில்லை. பத்திரிகையிலிருந்து போன் வந்தது. "உங்க பாணியில ஒரு சின்னப் பொருளை வச்சு மனசைத் தொடுற மாதிரி" ஒரு கதை கேட்டார்கள். போனை வைத்துவிட்டேன்.

தீபாவளிக்கு முந்தின ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்து பார்த்தேன். தேங்காய்ப் பால் பிழிந்து சொதி வைத்தேன், இஞ்சித் துவையல் அரைத்தேன். அவள் குளிக்கப் போயிருந்தபோது உங்கள் தட்டை எடுத்து வந்து, அதில் பரிமாறி அவள் இடத்தில் வைத்தேன். என் கதாநாயகிகள் எல்லோரும் இப்படித்தான் பிள்ளைகளை மீட்டெடுப்பார்கள்.

அவள் வந்து பார்த்தாள். முகம் வெளிறிப் போயிற்று.

"யே க்யா ஹை, அம்மா? என்ன இது?"

"அப்பா தாலில ஒரு வாய் சாப்பிடும்மா."

"இது உன் கதை! உன் கதை மாதிரி என்கிட்ட பண்றே!" தட்டைத் தள்ளிய வேகத்தில் சொதி தரையெல்லாம் சிந்தியது. "எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாதுன்னா உன் கதையும் தெரியாதுன்னு நினைச்சியா? அப்பா ஒவ்வொரு கதையும் எனக்கு ஹிந்தில சொல்லிருக்காங்க. எல்லாத்துலயும் லாஸ்ட்ல எல்லாரும் சரியாயிடுவாங்க. எனக்குச் சரியாக வேணாம், அம்மா. நான் சரியாயிட்டா அப்பா பூரா போயிடுவாங்க."

எனக்குத் தெரியாது. நீங்கள் அவளுக்கு என் கதைகளை எல்லாம் ஹிந்தியில் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. கேலி செய்துகொண்டே போய்ச் சொல்லியிருக்கிறீர்கள். கடைசிப் பக்கத்தையும் மாற்றாமல் சொல்லியிருக்கிறீர்கள்.

"எனக்கும் வேண்டாம்ட்டி" என்றேன். "எனக்கும் சரியாக வேண்டாம்."

அவ்வளவுதான், அணை உடைந்துவிட்டது. டம்ளரைப் பிடிக்கவில்லை, முந்தானையைத் தேடவில்லை. சமையலறை நடுவில் நின்று, வாயைத் திறந்து, ஊளையிட்டு அழுதேன். உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அழுதேன். கல்யாணமான நாளிலிருந்து உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. கீழ் வீட்டு அம்மா பதறிப்போய், "க்யா ஹுவா ஜி?" என்று படியேறி வந்துவிட்டாள். மகள்தான் ஏதோ சொல்லி அனுப்பினாள். பிறகு சிந்தியதைத் துடைத்தாள். என் முகத்தைத் துடைத்தாள். எதையாவது வயிற்றில் போட்டே ஆகவேண்டும் போல இருந்தது இருவருக்கும். குக்கரைத் திறந்து, மிச்சமிருந்த சோற்றில் மிச்சமிருந்த சொதியை ஊற்றி, தரையில் உட்கார்ந்து குக்கரிலிருந்தே இரண்டு பேரும் அள்ளித் தின்றோம். நாகரிகமாகச் சொல்ல வேறு வார்த்தை இல்லை.

வாயில் சோற்றை வைத்துக்கொண்டே அவள் முன்னறைப் பக்கம் திரும்பி, "அப்பா, வாங்க, ஆறிடும்" என்றாள்.

பழக்கம். சின்ன வயசிலிருந்து உங்களைச் சாப்பிடக் கூப்பிடுவது அவள் வேலைதானே. அவள் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. நானும் கதவைப் பார்த்தேன்.

"வர மாட்டாங்கட்டி" என்றேன். வாய்விட்டு அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"தெரியும்" என்றாள். "நீ சாப்பிடு."

இப்போதெல்லாம் ராத்திரிச் சாப்பாட்டை வீட்டில்தான் சாப்பிடுகிறாள், கொஞ்சமாக. தேறிவிட்டோம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் தேறவில்லை. காலையில் கண் விழித்ததும் ஏன் விழித்தேன் என்றுதான் இருக்கிறது. குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்து போகிறான். எங்கே போவது, எதை எடுத்துக்கொள்வது, ஒன்றும் ஓடவில்லை. ஆனால் அடுப்பிலிருந்து சாதம் இறங்கியதும் அவள் உங்களைக் கூப்பிடுகிறாள். பழக்கத்தில் இல்லை, தெரிந்தேதான் கூப்பிடுகிறாள். நான் தடுப்பதில்லை. கொஞ்ச நேரம் காத்திருக்கிறோம். பிறகு சாப்பிடுகிறோம்.